லேப் அக்கா செத்துப்போன கதை

செத்துப்போய்விட்டாள் என்று ஒரு கல்லூரியே இருபத்தெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் ஒருத்தி, வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்குத் தன் வீட்டுச் சமையலறையில் நின்று, மகளின் டிபன் பாக்ஸுக்குப் பொருந்தாத ஒரு மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

போன வார இதழ் கைக்குக் கிடைக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் மூன்று பேர். அப்பா வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். எங்கே எந்த வண்டி மோதினாலும் போய்ப் பார்த்து, தப்பு யார் மேல் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் இரண்டாவது சரிபார்ப்பு. சீட்டும் பாட்டிலும் பொருந்துகிறதா என்று அவள் பார்த்துத் தலையசைக்காமல் ஒரு மாத்திரை வெளியே போகாது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர்.

சும்மா போய் உட்கார்ந்தாலே பாஸ் போட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, சிட்டு இந்த வருடம் 'வாய்மொழிக் கதைகள்' என்ற விருப்பப் பாடத்தை எடுத்தாள். அதை நடத்துபவரை மாணவர்கள் கதை மேடம் என்பார்கள். அவர் கொடுத்த வேலை ஒன்றுதான். ஒரே கதையை ஐந்து பேரிடம் கேட்க வேண்டும், சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், பிறகு ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் அலையச் சோம்பல்பட்டுக்கொண்டு, சிட்டு கல்லூரிக்கு உள்ளேயே உலவும் பேயை எடுத்துக்கொண்டாள்.

லேப் அக்கா கதை அந்தக் காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும். ரொம்ப வருடம் முன்பு கெமிஸ்ட்ரி லேபில் ஒரு பெண் பாட்டிலில் தப்பான லேபிளை ஒட்டிவிட்டாள். விபத்தில் அவளே செத்துப்போனாள். அன்று முதல் பிராக்டிகல் பரீட்சைக்கு முன்பு வந்து எல்லா லேபிளையும் சரிசெய்துவிட்டுப் போகிறாள். கேன்டீன்காரர் சொன்னதில் அவளுக்கு முழங்கால் வரை கூந்தல். வாட்ச்மேன் சொன்னதில் தலைமுடியே கிடையாது. ஹாஸ்டல் வார்டன் தன் பங்குக்கு ஒரு காதல் தோல்வியைச் சேர்த்துக்கொண்டார். பழைய மாணவி ஒருத்தி இருமல் சத்தம்கூடக் கேட்டிருக்கிறாளாம். நாலு பேர் வாயிலும் மாறாமல் வந்தது ஒன்றே ஒன்று: லேப் அக்கா பாட்டிலைத் திருப்பி, அடியிலும் ஒரு லேபிள் ஒட்டுவாள்.

"கதைக்குத் தேவையே இல்லாத விவரம் எல்லார்கிட்டயும் மாறாம வந்தா, அங்க நில்லுங்க. அதை யாரும் இட்டுக்கட்டியிருக்க மாட்டாங்க" என்பது கதை மேடம் சொல்லிக் கொடுத்த பாடம். சிட்டு நிற்க வேண்டிய இடம் அவள் வீட்டுச் சமையலறையாகப் போய்விட்டது. உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, டீத்தூள் டப்பா, எதைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் மெழுகு தேய்த்த இன்னொரு லேபிள். பிறந்ததிலிருந்து அவள் பார்க்கிற டப்பாக்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டாள். அம்மா எப்போதும் போடும் முழுக்கையை மேலே ஏற்றினாள். கொதிக்கிற எண்ணெய் கொட்டியது என்று சிட்டுவுக்குச் சொல்லப்பட்டிருந்த தழும்பு, முழங்கை வரை ஓடியது. அது எண்ணெய் இல்லை, ஆசிட் என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

அந்த வாரம் லேபிள் எழுதும் முறை அம்மாவுடையது. தண்ணீர் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலில் ஆசிட் இருந்தது. பக்கத்து டேபிள் பெண் அதை வாங்கிச் சூடான பாத்திரத்தில் ஊற்றிவிட்டாள். அவளுக்கு வலது கண் போயிற்று. பாட்டிலைத் தட்டிவிட ஓடிய அம்மாவுக்குக் கை வெந்தது. விசாரணையில் பக்கவாட்டு லேபிளைக் காட்டி, உன் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அடியில் ஒட்டியிருப்பதையும் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அடி பொடிப்பொடியாகிவிட்டது, என் கண்ணால் பார்த்தேன் என்று ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னது, அதே டேபிளில் அவளோடு வேலை செய்த மாணவர். பார்க்க வழியில்லை என்றானதும், தப்பு தன்னுடையதுதான் என்று அம்மாவே நம்பிவிட்டாள். அம்மாவின் வீட்டார் படிப்பை நிறுத்தி வேறு ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கையும் வெந்து பெயரும் கெட்ட பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, வேலை கிடைத்த கையோடு அந்த மாணவர் வந்து பெண் கேட்டார்.

அவர்தான் சிட்டுவின் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவை மருந்தாளுநர் படிப்பில் சேர்த்ததும் அவர்தான். அவருடைய பெரிய மனசைப் பற்றிச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசிப் பேசி உருகுகிறார்கள்.

மூன்று வருடம் முன்பு அப்பாவின் மாற்றல் அவர்களை மறுபடி இந்த ஊருக்கே கொண்டுவந்து போட்டது. அம்மா கல்லூரி இருக்கும் திசையில் காலே வைக்கவில்லை.

சிட்டு செய்த தப்பு வேறு. கதை மேடத்தின் படிவத்தில், 'இந்த விவரத்தை வேறு எங்காவது கண்டதுண்டா?' என்று ஒரு கேள்வி. உண்மையை எழுத வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். 'எங்கள் வீட்டுச் சமையலறையில்' என்று சிட்டு எழுதிவிட்டாள், அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. மேடத்துக்கு அது போதுமானதாக இருந்தது. கல்லூரிப் பதிவேட்டில் எண்ணைத் தேடி, அம்மாவையே போனில் பிடித்து, வெள்ளிக்கிழமை மதியம் வகுப்புக்கு வந்து அந்த டப்பாப் பழக்கத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்.

அம்மா வருகிறேன் என்றாள்.

இனி வெள்ளிக்கிழமை.

அப்பா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, அந்தக் கதை வகுப்பு இன்னும் முடியவில்லையா என்று கேட்டார். மூன்று வாரமாக இதே கேள்வி. வேறு ஏதாவது நல்ல கதையாக எடுக்கக் கூடாதா, பேய் பிசாசு எல்லாம் எதற்கு என்றும் கேட்டார். இன்றைக்கு முடிந்துவிடும் என்றாள் சிட்டு.

"நாலு மணிக்கு உங்க கேட்டுக்கு எதிர்ல நிக்கறேன். அந்தப் பக்கம் ஒரு லாரி பாக்க வேண்டியிருக்கு" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "உனக்கு இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும்?" என்றார்.

"ஸ்டாக் செக்கிங். லேட்டாகும்" என்றாள் அம்மா, மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிட்டு சட்டென்று நிமிர்ந்தாள். அம்மா அப்பாவிடம் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இந்த வீட்டில் எந்த ஃபேன் வாங்குவது என்பதிலிருந்து சிட்டு எந்தக் குரூப் எடுப்பது என்பது வரை அப்பா சொன்னதுதான். அம்மா ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. இவள் என்ன இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கிறாள் என்று சிட்டு பல நாள் எரிச்சல்பட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எரிச்சல் போய்விட்டது. தன்னைக் கட்டிக்கொண்டதற்காக அம்மா தினமும் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பாவின் கார் தெருமுனை திரும்பியதும், அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டப்பாவைப் பத்தி மட்டும் பேசிட்டு வந்துடு" என்றாள் சிட்டு. "அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. மத்ததெல்லாம் வேண்டாம்மா."

"நான் சாகலைன்னு சொல்லணும். தப்பு என்னோடதுதான்னும் சொல்லணும்."

"யாரு கேட்டா?"

"ஒரு பொண்ணுக்குக் கண்ணு போச்சு சிட்டு. நான் பாட்டுக்கு ஊரை விட்டுப் போயிட்டேன். அங்க என்னடான்னா என்னைக் கொன்னு, பேயாக்கி, நல்லவளாவும் ஆக்கி வெச்சிருக்காங்க. அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம்."

சிட்டு என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், போனில் படம் எடுப்பார்கள், நாளைக்கு நான் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்றுகூடச் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, இரண்டு மணிக்குத்தானே என்றாள்.

இது ஒரு தலைவலி என்றால், ஒரு மணிக்கு இன்னொன்று வந்தது. கதை மேடம் நடைபாதையில் சிட்டுவை நிறுத்தி, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு செய்தி சொன்னார். ஐந்தாவது ஆளாக சிட்டு தேடிப் பிடித்திருந்த லேபின் பழைய ஸ்டோர்கீப்பர், கண் ஆபரேஷன் என்று போன வாரம் வராமல் போனவர், இன்றைக்கு வருகிறாராம். அவரும் இரண்டு மணிக்குத்தான்.

சிட்டு மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மற்ற நாலு பேரும் கேள்விப்பட்டதைச் சொன்னவர்கள். இவர் அன்றைக்கு அந்த லேபில் இருந்தவர். எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாமல், அந்தப் பெண் எவ்வளவு அஜாக்கிரதையானவள் என்று அம்மா முகத்துக்கு நேரே சொல்லப் போகிறார். ஒருவரை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் அமைவது கிடைக்காத அதிர்ஷ்டம் என்றார் மேடம். ஏன் என்று சிட்டுவால் விளக்கவும் முடியவில்லை. நானேதான் சொல்வேன், நீ வாய் திறக்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு அம்மா கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். பழைய லேப் இருந்த இடத்தில் இப்போது தகரக் கூரை போட்ட வண்டி நிறுத்தம். அம்மா அங்கே நின்று, வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களைப் பார்த்தாள். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று தேடினாளோ என்னவோ.

சிட்டு ஸ்டோர்கீப்பர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடலாம், நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றாள்.

"எங்களுக்கு பாட்டில் கழுவவே அவர்தான் கத்துக் கொடுத்தார்" என்றாள் அம்மா. "அவர் என்ன சொல்றாரோ சொல்லட்டும். எனக்கு அதையும் கேக்கணும்."

முதல் மாடியில் வகுப்பு. சுற்றினால் கடகடவென்று சத்தம் போடுவதால், ஒலிப்பதிவு இருக்கும் நாளில் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். அம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மேடம் அவளை வரவேற்று, அடுத்தது உங்கள் முறை என்று சொல்லிவிட்டு வந்தார். சிட்டு முன் டேபிளில் போனை வைத்துப் பதிவை ஆரம்பித்தாள்.

ஸ்டோர்கீப்பர் இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்திருந்தார். மேடம் வழக்கமான சட்டங்களைச் சொன்னார். சொல்கிறவரை யாரும் நடுவில் நிறுத்தக் கூடாது, திருத்தக் கூடாது, கேள்வி கடைசியில்தான். பிறகு, ஐயா கதையை ஆரம்பிக்கலாம் என்றார்.

"கதைன்னா வேற ஆளைப் பாருங்கம்மா" என்றார் அவர். "நான் அன்னிக்கு டூட்டில இருந்தவன்."

பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பாட்டிலை எப்படிக் கழுவ வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார். எத்தனை தடவை அலச வேண்டும், எந்தப் பிரஷ், கவிழ்த்து வைத்தால் எவ்வளவு நேரத்தில் காயும். பத்து நிமிடம் பாட்டில் கழுவியே ஓடியது. பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். சிட்டு மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் குரல் தணிந்தது. அவளை மாதிரி சுத்தமாக வேலை செய்யும் மாணவியை அவர் பார்த்ததே இல்லையாம். பக்கவாட்டில் ஒட்டும் லேபிள் ஈரக் கை பட்டால் உரிந்துவிடுகிறது என்று, அவளாகவே அடியிலும் ஒன்று எழுதி, மெழுகு தேய்த்து ஒட்டுவாளாம். இரட்டை வேலை எதற்கு என்று அவர் கிண்டல்கூடச் செய்திருக்கிறார்.

"அன்னிக்குச் சாயங்காலம் கண்ணாடித் துண்டைக் கூட்டினது நான்தான். எல்லாம் நொறுங்கிப் போச்சு. ஆனா பாட்டிலோட அடி மட்டும் முழுசா கெடந்துச்சு. திருப்பிப் பாத்தேன். ஆசிட்னு எழுதியிருந்துச்சு. அதே கையெழுத்து. மெழுகு தேச்சதால ஒரு எழுத்து அழியல." அவர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு. அது மேல ஒரு தப்பும் இல்ல."

சிட்டுவுக்கு எழுந்து ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துத்தான் பார்த்தாள்.

அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

அடி பொடிப்பொடியாகிவிட்டது, என் கண்ணால் பார்த்தேன். யார் சொன்னது அது? சிட்டுவுக்கு உறைத்தபோது, ஸ்டோர்கீப்பர் அடுத்த இடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

"அப்ப பக்கத்துல தண்ணின்னு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. சொல்றேன். அன்னிக்குக் காலைல, அந்தப் பொண்ணு டேபிள்ல கூட வேலை செய்யற பையன் எங்கிட்டப் பசை கேட்டு வந்தான். ரெண்டு பாட்டில்ல லேபிள் நனைஞ்சு விழுந்துடுச்சு, அவ வர்றதுக்குள்ள ஒட்டி வெச்சிடறேன்னான். நான்தான் பசையைக் கொடுத்தேன். ஒண்ணுத்துல ஒட்ட வேண்டியதை இன்னொண்ணுல ஒட்டிட்டான். அடியைத் திருப்பிப் பாத்திருந்தா முடிஞ்சது. அவன் பாக்கல."

போனை நிறுத்தும் பொத்தான் சிட்டுவின் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஐயா, போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. அவள் கை டேபிள் மேல் நகர்ந்தது. கடைசி பெஞ்சிலிருந்து அம்மா அவளையே பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். சிட்டு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது.

ஸ்டோர்கீப்பர் முடித்துவிட்டார். விசாரணை நாலே நாளில் முடிந்தது, அவரை யாரும் கூப்பிடவில்லை, அந்தப் பெண் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார். அவ்வளவுதான் என்றார்.

கேள்விகள் இருக்கிறதா என்று மேடம் கேட்டார். கடைசி பெஞ்சில் அம்மா எழுந்து நின்றாள்.

"அந்த அடித் துண்டு என்ன ஆச்சுங்க?"

"மறுநாள் காலைல அந்தப் பையனே வந்து கேட்டாம்மா. நானே பிரின்சிபால்கிட்ட கொடுத்து, நடந்ததைச் சொல்லிடறேன், நீங்க வர வேண்டாம்னான். அழுதுக்கிட்டே கேட்டான். நல்ல பையன்னு நெனச்சுக் கொடுத்துட்டேன். அப்புறம் அவங்கதான் ஏத்துக்கலை போலன்னு இருந்துட்டேன். ஸ்டோர்ல இருக்கறவன் போய் எதிர்த்துப் பேச முடியுமா?" அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் போய்ச் சொல்லியிருக்கணும். இப்ப சொல்லி என்ன, செத்த பொண்ணு வரவா போகுது?"

அம்மா பெஞ்ச் வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள். மேடம் அவளை அறிமுகப்படுத்த வாயெடுத்தார். அம்மா காத்திருக்கவில்லை. வலது முழுக்கையை முழங்கை வரை ஏற்றி, ஸ்டோர்கீப்பருக்கு முன்னால் நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டாவது வரிசை" என்றார். "ஜன்னல் பக்கம்."

"ஆமாங்க."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கதை மேடம், பதினாறு வருடமாக யாரையும் நடுவில் நிறுத்தாதவர், வந்து போனை எடுத்துப் பதிவைத் தானே நிறுத்தினார்.

முன் வரிசையில் ஒரு பெண், தைரியசாலி, கேட்டேவிட்டாள். அந்தப் பையன் யாரென்று ஆன்ட்டிக்குத் தெரியுமா?

"தெரியும். நான் கேட்டுக்கறேன்" என்றாள் அம்மா.

மேடம் சிட்டுவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று சிட்டுவுக்குப் புரிந்தது. அவமானத்தில் காது மடல் எரிந்தது.

நடைபாதையில் அம்மாவும் ஸ்டோர்கீப்பரும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். கண் போன அந்தப் பெண்ணைப் பற்றி அம்மா கேட்டாள். இதே ஊரில்தான் இருக்கிறாளாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். இவர் பென்ஷன் காகிதமெல்லாம் அங்கேதான் நகல் எடுப்பார். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா கடை இருக்கும் இடத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

பிறகு முகம் கழுவினாள். சிட்டு கைக்குட்டையை நீட்டினாள். என்ன கேட்பது என்று தெரியாமல், அப்பா வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார் என்று சொல்லிவைத்தாள். சொன்னதும் தன் மேலேயே கோபம் வந்தது.

"மாத்தி ஒட்டினதுக்கு எனக்குக் கோபம் இல்ல" என்றாள் அம்மா. "அது யாருக்கும் நடக்கும். தெனமும் நான் அந்தப் பாட்டிலைத்தான் பாக்கறேன், ஒவ்வொரு மருந்துலயும். என்னிக்கு அடுத்த தப்பு பண்ணுவேனோன்னு கை நடுங்கிட்டே பாக்கறேன். அதைப் பக்கத்துல இருந்து பாத்துட்டே இருந்திருக்காரே. ஆறுதல் வேற சொன்னார் சிட்டு. விடு, யாருக்குத்தான் தப்பு நடக்கலன்னு, எத்தனை தடவை." குரல் உடைந்தது. "நான் அதுக்கும் நன்றி சொன்னேன்."

சிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். குழாயை மூட இருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

நாலு மணிக்குக் கேட்டுக்கு எதிர்ப்பக்கம், சாலையைத் தாண்டி, அப்பாவின் கார் நின்றிருந்தது. சிட்டுவோடு அம்மாவும் வருவதைப் பார்த்ததும், சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"நீ பின்னாடி உக்காரு" என்றாள் அம்மா. எப்போதும் பின்னால் உட்கார்ந்து வருகிறவள் அவள்தான்.

முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். அப்பா அவள் முகத்தையும் ஏற்றிவிட்ட முழுக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டாக் செக்கிங் என்றாயே என்று தொடங்கினார்.

"கெமிஸ்ட்ரி லேப் ஸ்டோர்கீப்பரைப் பாத்தேன்" என்றாள் அம்மா.

ஒரு பஸ் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்றும் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் எந்த ஸ்டோர்கீப்பர் என்று கேட்டிருப்பார்கள். அப்பா கேட்டது வேறு.

"அவர் இன்னும் உயிரோட இருக்காரா?"

பின் சீட்டில் சிட்டு கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நிமிடம் வரை, எங்கேயோ ஒரு மூலையில், அப்பா ஏதாவது ஒரு நல்ல பதில் வைத்திருப்பார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"இருக்கார். கண்ணு போனவளும் இருக்கா. தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஜெராக்ஸ் கடை. இப்ப அங்கதான் போறோம்."

அப்பா சாவியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "அங்க போய் நான் என்னன்னு சொல்றது?"

"அது உங்க பாடு. பசைக்குப் போனதுலேர்ந்து ஆரம்பிங்க, அதை உங்க வாயால நானும் கேட்டதில்ல." அம்மா நேராகச் சாலையைப் பார்த்தாள். "எனக்கு அவகிட்ட சொல்ல ஒண்ணுதான் இருக்கு. நான் சாகலைன்னு."

ஆயிரம் விபத்துகளைப் பார்த்துத் தப்பு யார் மேல் என்று எழுதிக் கொடுத்த மனிதர், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா அவரை அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சாவியைத் திருப்பினார்.

கார் சிக்னலுக்கு வந்தது. வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அப்பாவின் கை பழக்கத்தில் அந்தப் பக்கம் போயிற்று.

"இடது பக்கம்" என்றாள் அம்மா.